அல்லி வீட்டுக் காற்று

செண்பகவல்லி பிறந்தது கோவில்பட்டியில். குடும்பம் நடத்தியது செவ்வாய்க் கிரகத்தில். செம்மேடு என்று பெயர் வைத்திருந்த குடியிருப்பில், நடைபாதைகளுக்கும் பொதுக்கூடங்களுக்கும் காற்று தயாரிக்கும் நிலையத்தில் அவள் பொறியாளராக இருந்தாள். கணவன் திரவியம் அங்கேயே செம்மண் கல் சுடும் பட்டறையை நடத்திவந்தான். ஒரே மகள் அல்லி.

செம்மேட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் குழந்தைக்கும் எட்டு வயது முடிந்ததும் வீட்டில் ஒரு வேலையை ஒப்படைத்துவிடுவார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வேலைதான். அதுவரை பெரியவர்கள் பார்த்துவந்த பாசிச் சுவரை இனிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு வீட்டிலும் கூடத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடித் தொட்டி நிற்கும். அதற்குள் பச்சைத் தண்ணீர். பின்னால் வரிசையாக விளக்குகள். வீட்டிலிருப்பவர்கள் வெளியே விடும் மூச்சை வாங்கிக்கொண்டு நல்ல காற்றைத் திருப்பித் தருவது அந்தத் தண்ணீரில் வளரும் பாசிதான். கண்ணாடியின் உட்புறத்தில் தினமும் வழுவழுவென்று ஒரு படலம் படியும். அதை விட்டுவிட்டால் வெளிச்சம் தண்ணீருக்குள் போகாது, பாசி சோர்ந்துபோகும். அதனால் மேலே உள்ள திறப்பு வழியாக நீளமான ரப்பர் துடைப்பானை இறக்கி, கண்ணாடியை வழித்துவிட வேண்டும். மிதமிஞ்சி வளர்ந்த பாசியை வலையில் அள்ளிப் பிழிந்து உலர்த்த வேண்டும். உலர்ந்த தூள் தோசை மாவில் சேரும். எல்லாம் சேர்த்து, ஒரு உலை சோறு வேகிற நேரத்துக்குள் முடிந்துவிடும் வேலை.

வாசல் கதவுக்கு மேலே ஒரு சிறிய விளக்கு இருக்கும். வீட்டுக் காற்று நன்றாக இருந்தால் அது பச்சையாக எரியும். கெட ஆரம்பித்தால் மஞ்சளாகும். மஞ்சள் எரிந்தால் உடனே உயிருக்கு ஒன்றும் இல்லை. தலை கனக்கும், சோம்பலாக வரும். பெரியவர்கள் நடைபாதைக்கு வந்து உட்கார்ந்துகொள்ள வேண்டும். பொறுப்பில் இருக்கும் குழந்தை முகமூடி மாட்டிக்கொண்டு சுவரைச் சரிசெய்யும். அதற்கும் அடுத்தது சிவப்பு. செம்மேட்டில் சிவப்பு ஒரே ஒரு முறைதான் எரிந்திருக்கிறது.

அல்லிக்கு எட்டு வயது முடிந்த வாரத்தில் பள்ளியிலிருந்து எஸ்தர் டீச்சர் வீட்டுக்கு வந்தார். குழந்தையின் உயரத்துக்குத் தகுந்த துடைப்பான் ஒன்றைக் கொடுத்தார். அல்லி அதை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் ஓடினாள். அவள் போன பிறகு செண்பகவல்லி தன் மனதிலிருந்ததைக் கேட்டாள். பூமியிலிருந்து இத்தனை இயந்திரங்களைக் கொண்டுவந்திருக்கிறோம். கண்ணாடி துடைக்க ஒரு இயந்திரம் வைக்க முடியாதா என்றாள்.

"மெஷின் இருந்துச்சும்மா. நல்லாத்தான் துடைச்சுது. அதனாலயே ஒருத்தரும் சுவத்தைத் திரும்பிப் பாக்கல. பாசியில நோய் விழுந்து வெளுத்துப்போனது யாரு கண்ணுலயும் படல. அப்புறம் நடந்தது ஒனக்குத் தெரியுமே."

செண்பகவல்லிக்குத் தெரியும். சிவப்பு எரிந்த அந்த வீட்டின் கதவைத் திறக்கப் போனவர்களில் அவளும் ஒருத்தி. உள்ளே என்ன பார்த்தாள் என்பதை அவள் திரவியத்திடம்கூடச் சொன்னதில்லை.

அப்படியானால் பெரியவர்களே துடைக்கலாமே என்று அவள் கேட்டாள். எஸ்தர் டீச்சர் மறுத்தார்.

"நாமெல்லாம் காத்து சும்மா கெடைக்கிற ஊர்ல வளந்தவங்க. எத்தனை தடவை சொன்னாலும் நமக்கு மறந்துபோகும். இங்க பொறந்ததுங்களுக்கு மறக்கக் கூடாது. யாரோ ஒருத்தர் செஞ்சாத்தான் காத்துன்னு அதுங்க கைக்குத் தெரியணும். மஞ்சள் எரிஞ்சா எரியட்டும், நீங்க கை வைக்காதீங்க. நான் கேக்கறது அது ஒண்ணுதான்."

செண்பகவல்லி தலையை ஆட்டினாள். ஆனால் அடுத்த நாளே நிலையத்து ஸ்டோருக்குப் போய், சோதனை செய்து பார்க்க வேண்டும் என்று சொல்லி ஒரு காற்றுப்பெட்டியை வாங்கிவந்தாள்.

மாவு டிரம் அளவுக்கு இருக்கும் பெட்டி அது. பாசியே இல்லாமல் கெட்ட காற்றை உறிஞ்சி நல்ல காற்றை விடும். பூமியிலிருந்து சில டஜன் பெட்டிகள் வந்திருந்தன. கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்காக அனுப்பப்பட்டவை. செண்பகவல்லி அதைச் சமையலறைக் கீழ் அலமாரியில், மாவு டிரம்முக்குப் பின்னால் வைத்துக் குழாய் இணைத்தாள். பாசி சோர்ந்தால் பெட்டி தானாக ஓடத் தொடங்கும். கதவு விளக்கு எப்போதும் பச்சையாகவே இருக்கும்.

திரவியத்துக்கு இது பிடிக்கவில்லை. மகள் பள்ளிக்குப் போயிருந்தபோது இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்தது. அவன் குரலை உயர்த்துகிறவன் அல்ல.

"அவ செஞ்சாலும் ஒண்ணுதான், செய்யாட்டியும் ஒண்ணுதான்னு ஆக்கிட்ட, செண்பகம்."

"பத்து வயசு ஆகட்டும். எடுத்துடறேன்" என்றாள் அவள்.

முதல் சில மாதங்கள் அல்லி ஆசையாகத் துடைத்தாள். ஸ்டூலில் ஏறி நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, மேலிருந்து கீழாக வழிப்பாள். பாசித் தூள் போட்ட தோசையைத் தட்டில் வைக்கும்போது, இது நம்ம வீட்டுப் பாசி என்று அப்பாவிடம் பெருமையாகச் சொல்வாள். பிறகு எல்லாக் குழந்தைகளையும் போல அவளுக்கும் அலுத்துப்போனது. ஒரு நாள் மேல்பாதியை மட்டும் துடைத்துவிட்டு ஓடினாள். இன்னொரு நாள் துடைப்பானை நனைத்து வைத்துவிட்டுத் துடைத்துவிட்டதாகச் சொன்னாள். விளக்கு பச்சையாகவே எரிந்தது. பள்ளியில், ஒரு முறைகூட மஞ்சள் எரியாத வீட்டுப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொன்னபோது அல்லியும் எழுந்து நின்றாள். அவளோடு வகுப்பே எழுந்து நின்றது. செம்மேட்டுப் பிள்ளைகள் போலப் பொறுப்பான பிள்ளைகள் எங்குமே இல்லை என்று எல்லோரும் பெருமைப்பட்டார்கள்.

பத்து வயது முடிந்தது. செண்பகவல்லி பெட்டியை எடுக்கவில்லை. திரவியமும் நினைவுபடுத்தவில்லை.

அந்த வருடம் பக்கத்து வீட்டு ஹசீனாவுக்குக் குழந்தை பிறந்தது. பிறப்பதற்கு முந்தைய வாரம்தான் அவர்கள் வீட்டுப் பாசியில் நோய் விழுந்திருந்தது. தொட்டியைக் காலி செய்து, கழுவி, புதுப்பாசி வளர்த்தெடுக்க மாதக்கணக்கில் ஆகும். ஸ்டோரில் காற்றுப்பெட்டி கேட்டுப் பார்த்தார்கள். ஒன்றுகூட இல்லை என்றார்கள். அதனால் ஹசீனா பச்சைக் குழந்தையோடு பொதுக்கூடத்தின் ஒரு மூலையில் சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு இருந்தாள். கூடத்தில் எந்நேரமும் ஆள் நடமாட்டம். குழந்தை தூங்கி எழுந்து தூங்கி எழுந்து அழுதது. அல்லி பள்ளி விட்டதும் நேராக அங்கே போய்க் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வாள்.

அந்த நாட்களில் செண்பகவல்லி ஒன்றைக் கவனித்தாள். பாசிச் சுவர் அழுக்கேறியிருந்தது. அல்லி துடைப்பானைத் தொடவே இல்லை. கண்ணாடி கருத்து, பின்னாலிருக்கும் விளக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. செண்பகவல்லி எதுவும் கேட்கவில்லை. குழந்தையைக் கொஞ்சப் போகிற ஜோரில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது, பெட்டி வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தாள்.

பிறகு ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது சுவர் பளிச்சென்று இருந்தது. தண்ணீர் இளம் வெற்றிலை நிறத்தில் மின்னியது. அதே வாரம் ஹசீனாவும் வீட்டுக்குத் திரும்பினாள். எங்கிருந்தோ ஒரு பெட்டி கிடைத்துவிட்டதாம் என்று நிலையத்தில் பேசிக்கொண்டார்கள். செண்பகவல்லி மகிழ்ந்து, சேமியா பாயசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வீட்டில் திரவியம், இனிமேல் சமையலறைப் பெட்டியின் பராமரிப்பைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். மனம் மாறிவிட்டான் என்று எண்ணி அவள் நிம்மதியடைந்தாள்.

அதற்குப் பிறகு அல்லி வேறு பிள்ளையாகிவிட்டாள். வீட்டில் எல்லோருக்கும் முன்பே எழுந்தாள். சுவருக்கு அருகில் சூடான பாத்திரம் வைக்கக் கூடாது என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னாள். குமிழ் வரும் சத்தத்தில் வித்தியாசம் கேட்டால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போவாள். பள்ளிப் பிள்ளைகள் பள்ளத்தாக்கைப் பார்க்க வெளியூர் போய்த் தங்கியபோது அவள் போகவில்லை. செண்பகவல்லி எவ்வளவோ வற்புறுத்தினாள். தோழிகளுக்கு இவள் மேல் வருத்தம் என்றுகூடச் சொன்னாள். அடுத்த முறை போகலாம் என்று அல்லி பேச்சை முடித்துக்கொண்டாள். மகளைப் பற்றி நிலையத்தில் சொல்லிச் சொல்லி செண்பகவல்லிக்கு வாய் ஓயவில்லை.

ஒரு முறை அல்லிக்குக் காய்ச்சல் வந்தது. படுத்தே இரு, இன்றைக்கு நான் துடைக்கிறேன் என்றாள் செண்பகவல்லி. மேலோட்டமாக இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வந்தாள். கீழ்ப்பக்கமும் துடைத்தாயா என்று அல்லி படுக்கையிலிருந்து கேட்டாள். துடைத்தேன் என்றாள் அம்மா. பெட்டி இருக்கிற தைரியத்தில் அவளுக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், அல்லி போர்வையைச் சுற்றிக்கொண்டு ஸ்டூலில் ஏறி நின்று, கண்ணாடியின் அடிப்பகுதியை வழித்துக்கொண்டிருந்தாள். அம்மாவை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி வழித்தாள்.

அல்லிக்குப் பதினோரு வயதானபோது அந்தப் புழுதிப்புயல் வந்தது.

புயல் வந்தால் நடைபாதைகளின் இரும்புக் கதவுகளை இறக்கிவிடுவார்கள். எங்காவது ஓர் இணைப்பு விட்டுப்போனால் அந்தத் துண்டோடு சேதம் நிற்க வேண்டும் என்பதற்காக. அந்த நேரத்தில் ஒவ்வொரு வீடும் தனி. மஞ்சள் எரிந்தாலும் வெளியே வந்து உட்கார இடம் கிடையாது. வழக்கமாக ஓரிரு நாளில் தணிந்துவிடும். இந்த முறை தணியவில்லை. பகலிலேயே ஜன்னலுக்கு வெளியே காப்பிக் கஷாயம் போல இருட்டிக் கிடந்தது. சூரிய ஒளியில் ஓடும் மின்நிலையம் தள்ளாடியது. வீடுகளுக்கு மின்சாரம் பாதியாகக் குறைக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. பாசிச் சுவரின் விளக்குகள் மங்கின.

மத்தியானம் சாப்பிட்டு முடித்த நேரத்தில் கதவு விளக்கு மஞ்சளாக மாறியது.

அல்லி பிறந்த பிறகு அந்த வீட்டில் மஞ்சள் எரிந்தது அதுதான் முதல் முறை. செண்பகவல்லிக்கு அது எப்படிச் சாத்தியம் என்று புரியவில்லை. பெட்டி ஓடாமல் நின்றிருக்கும், தட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று எண்ணிச் சமையலறைக்குப் போனாள். கீழ் அலமாரியைத் திறந்து மாவு டிரம்மை இழுத்தாள்.

பின்னால் வெறும் இடம் இருந்தது. குழாயின் இரண்டு முனைகளும் மூடி போட்டு, துணி சுற்றி, நூலால் கட்டப்பட்டிருந்தன. கட்டு பழையதாக இருந்தது. துணிமேல் மாவுத் தூசி படிந்திருந்தது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திரவியம் வாசற்படியில் வந்து நின்றான்.

"அங்க இல்ல, செண்பகம். நான்தான் தூக்கிக் குடுத்தேன்."

"நான்தாம்மா குடுக்கச் சொன்னேன்" என்றாள் அவனுக்குப் பின்னாலிருந்து அல்லி. "ஹசீனா அக்கா பாப்பாவுக்கு."

விவரம் கேட்க அது நேரம் இல்லை. சுவரை முதலில் பார்க்கலாம் என்றாள் அல்லி. பாசி நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு வெளிச்சம்தான் போதவில்லை என்று அவள் சொன்னது செண்பகவல்லியைத் தரையிலிருந்து எழுப்பியது. வெளிச்சம் என்றால் மின்சாரம். மின்சாரம் அவளுக்குத் தெரிந்த விஷயம். அடுப்பு, வெந்நீர்க் கலம், குளிர்பெட்டி எல்லாவற்றின் இணைப்பையும் பிடுங்கி, அந்தக் கம்பியைச் சுவர் விளக்குகளுக்குத் திருப்பினாள். அவசரத்தில் ஒரு முறை ஷாக் அடித்தது. திரவியம், படிக்கும் மேசை விளக்குகளையும் பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த பேட்டரி விளக்கையும் கண்ணாடியில் ஒட்டவைத்துக் கட்டினான். அல்லி ஸ்டூலில் நின்று, அடியில் தங்கிய பாசி மேலே வர தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். யாரும் அதிகம் பேசவில்லை. பேசினாலும் காற்று செலவாகும். தலை கனத்தது. திரவியத்தைப் படுத்துக்கொள்ளச் சொன்னாள் அல்லி. இருப்பவர்களில் பெரிய மூச்சு அவனுடையது. அவன் மறு பேச்சில்லாமல் படுத்துக்கொண்டான்.

நெடுநேரம் மஞ்சள் அப்படியே நின்றது. பிறகு கண்ணாடியின் ஒரு ஓரத்தில் குமிழ்கள் எழுந்தன. கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர் முழுக்கப் பரவின. விளக்கு பச்சையானபோது அல்லி ஸ்டூலிலிருந்து இறங்கி, தண்ணீர் குடித்தாள்.

அதற்குப் பிறகுதான் செண்பகவல்லி நடந்ததைக் கேட்டு அறிந்தாள்.

ஹசீனாவுக்கு ஸ்டோரில் பெட்டி இல்லை என்று சொன்ன நாளில் அல்லியும் கூடப் போயிருந்தாள். ஏன் இல்லை என்று அவள்தான் கேட்டாள். எல்லாம் சோதனைக்கு என்று சொல்லி வெளியே போயிருக்கிறது, திரும்பி வரவில்லை என்றார் ஸ்டோர்க்காரர். எங்கே போயிருக்கும் என்று அல்லி யோசித்துக்கொண்டே இருந்தாள். தன் வீட்டு விளக்கு, துடைத்தாலும் துடைக்காவிட்டாலும் பச்சையாக இருப்பது அவளுக்கு முன்பே விநோதமாகப் பட்டிருந்தது. அதனால் ஒரு வாரம் வேண்டுமென்றே துடைக்காமல் விட்டுப் பார்த்தாள். பச்சை மாறவில்லை. சுவரிலிருந்து போகும் குழாயைத் தடவிக்கொண்டே போனாள். அது சமையலறை அலமாரியில் முடிந்தது.

அவளால் அதைத் தூக்க முடியாது. அதனால் அப்பாவிடம் சொன்னாள். பெட்டி இருக்கும்போதே சில நாட்கள் ஒழுங்காகத் துடைத்து, பெட்டி ஓடாமலே விளக்கு பச்சையாக நிற்பதை அவனுக்குக் காட்டினாள். அதன் பிறகுதான் அவன் அதைத் தூக்கிச் சென்று, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஹசீனாவிடம் கொடுத்தான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒனக்குப் பயமாயிரும்னுதாம்மா. பழகுனப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

செண்பகவல்லி கணவனைப் பார்த்தாள். கோபம் முழுக்க அவன் மேல் திரும்பியது. பதினோரு வயசுப் பிள்ளையை நம்பி வீட்டையே விட்டுவிட்டாயா என்று கேட்டாள். அவன் படுத்திருந்த இடத்திலிருந்து எழுந்து உட்கார்ந்தான்.

"வருஷமாகப் போகுது. மூச்சு விட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்" என்றான்.

செண்பகவல்லியின் ஒவ்வொரு காலையும், ஒவ்வொரு தூக்கமும், நிலையத்தில் மகளைப் பற்றிப் பேசிய ஒவ்வொரு பேச்சும் இந்தச் சின்னக் கைகள் தந்த காற்றில் நடந்திருக்கின்றன. காய்ச்சலோடு அந்தப் பிள்ளை ஸ்டூலில் நின்ற காட்சி நினைவுக்கு வந்தது. துடைத்தேன் என்று தான் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அவள் மகளை அருகில் இழுத்துக்கொண்டாள். தனியாக இவ்வளவையும் சுமந்தாயே, பயமாக இல்லையா என்று கேட்டாள்.

"மொதல்ல பயமா இருந்துச்சு. காலைல எழுந்ததும் ஒனக்கும் அப்பாவுக்கும் நெஞ்சு ஏறி எறங்குதான்னு பாப்பேன். அப்புறம்தான் சுவத்துக்கிட்ட போவேன்." பிறகு சேர்த்தாள். "இப்பவும் பாப்பேன். ஆனா பயந்து இல்ல."

புயல் ஓய்ந்து இரும்புக் கதவுகள் ஏறிய பிறகுதான் ஊரில் மற்றச் செய்திகள் தெரிந்தன. ஹசீனா வீட்டில் பெட்டி ஓடியதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வடக்குப் பக்கத்தில் இன்னொரு வீட்டில் ஒரு கைக்குழந்தை மூச்சுத் திணறி மருத்துவமனையில் கிடந்தது. அவர்களும் பெட்டி கேட்டு, இல்லை என்ற பதிலை வாங்கியவர்கள்தான். குழந்தை பிழைத்துக்கொண்டது. பொதுக்கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். பூமியிலிருந்து அத்தனை பெட்டிகள் வந்தும் ஏன் இல்லை என்று அந்தக் குழந்தையின் தகப்பன் கேட்டான். அவன் சத்தம் போடவில்லை. ஸ்டோர்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை.

செண்பகவல்லி எழுந்தாள். சோதனைக்கு என்று பொய் சொல்லி ஒரு பெட்டியைத் தான் எடுத்ததாகவும், அதைச் சமையலறையில் ஒளித்து வைத்திருந்ததாகவும் சொன்னாள்.

"என் பிள்ளை ஒரு நாள் துடைக்க மறந்தாலும் அவளுக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதுன்னு எடுத்தேன். இன்னொருத்தர் பிள்ளைக்கு வந்ததை எடுத்திருக்கோம்னு எனக்கு ஒறைக்கல. எம் மகளுக்கு ஒறைச்சுது. அவ கொண்டுபோய்க் குடுத்துட்டா. அப்புறம் இதுவரைக்கும் எங்க வீட்டுக்குக் காத்து குடுத்தது அவதான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எல்லோரும் தன்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். பின்வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போனார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொருவர் போனார். பிறகு இரண்டு மூன்று பேராக எழுந்துபோனார்கள். கூட்டம் பிடிக்காமல் கலைந்து போகிறார்கள் என்றுதான் செண்பகவல்லி நினைத்தாள்.

சற்று நேரத்தில் அவர்கள் திரும்பி வந்தார்கள். ஆளுக்கொரு பெட்டியோடு வந்தார்கள். மாவுத் தூசி ஒட்டியது, துணி சுற்றியது, கட்டிலுக்கு அடியில் கிடந்து பஞ்சு போலப் புழுதி பிடித்தது என்று விதவிதமாக இருந்தன. நிலையத்துப் பொறியாளர்கள், மருத்துவர், மின்நிலையத்து மேலாளர் என்று அவளுக்குத் தெரிந்த முகங்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் பெட்டிகளை ஸ்டோர் வாசலில் அடுக்கினார்கள். கடைசியாக ஒரு தள்ளுவண்டி வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வந்தவர் எஸ்தர் டீச்சர்.

அவர் செண்பகவல்லிக்கு அருகில் வந்து நின்று மூச்சு வாங்கினார்.

"எம் பையனுக்கு எட்டு வயசு முடிஞ்ச அன்னைக்கே வச்சுட்டேன்" என்றார். வண்டியிலிருந்த பெட்டியை மற்றவற்றோடு இறக்கிவைத்தார்.

ஆக, மஞ்சள் எரியாத ஊர் என்று பேர் வாங்கிய செம்மேட்டில், ஒரு குழந்தையின் கையை மட்டுமே நம்பி மூச்சுவிட்ட வீடு ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்கிறது. பெரியவர்கள் பலர் அன்று அல்லியைப் பார்க்க வந்தார்கள். அவள் அவர்களுக்கு நடுவில் சங்கடப்பட்டு நின்றாள்.

கைக்குழந்தை இருக்கும் எல்லா வீடுகளுக்கும் கொடுத்தது போகப் பெட்டிகள் மிஞ்சின. மிஞ்சியதில் ஒன்றை உங்கள் வீட்டுக்கு முறைப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று ஸ்டோர்க்காரர் செண்பகவல்லிக்குச் சொல்லியனுப்பினார். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் வீட்டுக் காற்றின் பொறுப்பு தன்னுடையது இல்லை என்பதால் மகளைக் கேட்டாள். அல்லி வலையில் பாசியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஸ்டோர்லயே இருக்கட்டும்மா. யாருக்காச்சும் தேவைப்படும்" என்றாள். "அது இங்க இருந்தா, நான் சரியா செய்யறேனா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்த ஆண்டு நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செம்மேட்டின் கதவுகளுக்கு மேலே மஞ்சள் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. இன்று ஒரு வீடு, நாளை இரண்டு வீடு. இதுவரை எழுந்து நின்று பாராட்டு வாங்கிய பிள்ளைகள் முகமூடி மாட்டிக்கொண்டு, அழுதுகொண்டு, அவசரமாகத் துடைத்தார்கள். பெரியவர்கள் பாயை எடுத்துக்கொண்டு நடைபாதைக்கு வந்து உட்கார்ந்தார்கள். முதல் வாரம் தலை குனிந்து உட்கார்ந்தவர்கள் பிறகு பிளாஸ்கில் டீயும் கொண்டுவந்தார்கள். பிறகு நடைபாதையில் பேச்சும் சிரிப்பும் கேட்டது. மழைக்காலம் முடிவதைப் போல, மஞ்சள் மெதுவாகக் குறைந்தது.

ஒரு விடுமுறை நாள் காலையில் அல்லி வீட்டு விளக்கும் மஞ்சளானது. முந்தின நாள் ஹசீனாவின் குழந்தைக்குப் பிறந்தநாள். விளையாடிக் களைத்து, அல்லி அசந்து தூங்கிவிட்டாள். செண்பகவல்லிதான் முதலில் பார்த்தாள். அவள் கை துடைப்பானை நோக்கிப் போனது. போன கையை இழுத்துக்கொண்டாள். மகளை எழுப்பி, விளக்கைக் காட்டிவிட்டு, திரவியத்தோடு பாயை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். சிவப்பு எரிந்த அந்த வீட்டின் கதவு, தான் திறந்த அந்தக் கதவு, கண்ணுக்குள் வந்துவந்து போனது. அவள் எழுந்து போகவில்லை.

ஹசீனா கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள். குழந்தை அவள் இடுப்பில் இருந்தது.

"அக்கா, உங்க வீட்லயா மஞ்சள்?"

"எங்க வீட்லதான்" என்றாள் செண்பகவல்லி. சொல்லும்போது தன் குரலில் கூச்சம் இல்லாததை அவளே கவனித்தாள்.

ஹசீனா உள்ளே போய் டீ எடுத்துவந்து பாயில் உட்கார்ந்தாள். குழந்தை திரவியத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகியது. எதிர் வரிசையில் எஸ்தர் டீச்சரும் மஞ்சள் எரிந்த தன் வீட்டு வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்துக் கையசைத்தார்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அல்லி நின்றாள். முழங்கை வரை பச்சைத் தண்ணீர் சொட்டியது. முகத்தில் தன் மேலேயே கோபம்.

"சரியாயிருச்சு. உள்ள வாங்க."

வருகிறோம் என்றாள் அம்மா. டீயைக் குடித்து முடித்துவிட்டு வருகிறோம்.